எண்பத்தேழாயிரத்து நானூற்று அறுபது

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று நான் அடுப்பில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் கணவர் டெஸ் அதே சமையலறையில், மேசைமேல் பதினோரு பழைய கம்ப்யூட்டர் மவுஸ்களை மல்லாக்கப் போட்டு ஒவ்வொன்றாக வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார். எல்லாம் அடியில் பந்து உருளுகிற அந்தக் காலத்து மவுஸ். மனிதர் இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகப் போய் ஜெராக்ஸ் மெஷின் சரிபண்ணியவர். அலுவலகங்கள் பந்து மவுஸைக் கழித்துக்கட்டிய வருஷத்தில் ஒன்றைக்கூடக் குப்பைக்கு விடாமல் இரண்டு பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எதற்கு இந்தக் கண்றாவி என்று அன்றைக்குக் கேட்டேன். தேவைப்படும் என்றார். பதினைந்து வருஷம் கழித்துத் தேவைப்பட்டே விட்டது. அதை என்னிடம் சொல்லிக்காட்டாமல் இருக்க அவர் படும் பாடு முகத்திலேயே தெரிந்தது.

தேவைப்பட்டது எனக்காகத்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் அண்ணன் லெஃப்தேரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா போர்ட் பிரி என்கிற ஊரில் மீன் கடை வைத்திருந்தார். ஈயம் உருக்கும் ஆலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிப்போகிற கடை. ஜன்னலோரம் காசு போட்டு விளையாடுகிற ஒரு மேசை மெஷின் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே திரை, பக்கவாட்டில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் திரையின் அடியில் ஒரு சின்ன மட்டை இடமும் வலமுமாக ஓடும். மேலே செங்கல் வரிசை. பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டி அத்தனை செங்கல்லையும் உடைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்தக் குமிழைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கனமாக, வழவழவென்று, ஒரு சுண்டு சுண்டினால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் அதைத் தொடக்கூடாது. லெஃப்தேரி தொட்டால் திட்டு விழும். நான் தொட்டால் திட்டோடு போகாது. ஆலைப் பையன்கள் உட்காருகிற மேசையில் பெண் பிள்ளைக்கு என்ன வேலை என்பார் அப்பா. ஆனால் சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அப்பா பின்னறையில் மாவு மூட்டைமேல் காலை நீட்டித் தூங்குவார். மெஷினின் காசு வாயில் கரண்டிக் காம்பை எப்படி நுழைத்தால் அது ஏமாறும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினான்கு வயது. ஒரு சனிக்கிழமை ஒரே ஆட்டத்தில் எண்பத்தேழாயிரத்து நானூற்று அறுபது புள்ளி எடுத்தேன். முதலிடம். மெஷின் மூன்று எழுத்தில் பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டால் அப்பா கண்ணில் படும். அதனால் எல், ஈ, எஃப் என்று அண்ணன் பெயரைப் போட்டுவிட்டு, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வினிகர் பாட்டில் நிரப்பப் போனேன்.

கடை விற்கும்வரை அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. லெஃப்தேரியும் மறுக்கவில்லை. மறுக்காததோடு நின்றானா? முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஈஸ்டருக்கும், ஆட்டை வெட்டித் தட்டில் வைத்த கையோடு ஆரம்பித்துவிடுவான். அந்தக் குமிழ், அந்தக் கடைசிச் செங்கல், ஆலைப் பையன்கள் சுற்றி நின்று பார்த்தது. யாருமே நிற்கவில்லை. காலிக் கடையில் நானும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான் இருந்தோம். அப்பா இருந்தவரை வாயைத் திறக்க முடியவில்லை. அவர் போனபிறகு, பழகிவிட்டது என்று விட்டேன். போன வருஷம் என்ன தோன்றியதோ, எல்லார் முன்னாலும் சொன்னேன், அது நான் எடுத்தது என்று. சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. லெஃப்தேரிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அன்று வீட்டுக்கு வந்து தனியாகப் பாத்திரம் தேய்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் ஒரு விளையாட்டு எண்ணுக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

டெஸ் மட்டும் சிரிக்கவில்லை. துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். நிஜமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்தக் குமிழ் எவ்வளவு கனம் இருந்துச்சு, போப்பி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் அவரை இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்ளலாம்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த மவுஸ் வேலை. ஆட்டம் கிடைத்துவிட்டது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடியது. குமிழ்தான் கிடைக்கவில்லை. பந்து மவுஸுக்குள்ளே ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடுகிற மணி அளவுக்கு ஒரு குட்டி விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண். சக்கரம் சுற்றும்போது வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். அதை எண்ணித்தான் எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. டெஸ் பந்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தச் சக்கரத்தை ஒரு குமிழின் தண்டில் மாட்டினார். முதல் குமிழ் கதவுப் பிடி. இரண்டாவது ஜாம் பாட்டில் மூடி. மூன்றாவது, ஒரு செத்த வீடியோ பிளேயரைப் பிரித்து எடுத்த உள் உருளை. வெள்ளி மாதிரி பளபளத்தது. சுண்டிவிட்டுக் காபி கலந்து முடிக்கும்வரை சுற்றியது. கையை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதே கனம்.

கோளாறு இல்லாமலும் இல்லை. முதலில் வலப்பக்கம் திருகினால் மட்டை இடப்பக்கம் ஓடியது. மவுஸைத் திருப்பி மாட்டினார். பிறகு சின்னத் திருகலுக்கே மட்டை சுவரில் போய் முட்டியது. அதையும் சரிசெய்தார். சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடி அறுபத்திரண்டாயிரம் எடுத்தேன். டெஸ் எண்ணெய்க் கையோடு என் தலையைத் தடவினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்கு ஆசை விடவில்லை. குமிழைப் பொருத்தியிருந்த பலகையை வலப்பக்கம் அறுத்து ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தார். உள்ளே சக்கரம் சுற்றுவதை எல்லாரும் பார்க்க வேண்டுமாம். பார்க்கிறவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்களா, உங்கள் சக்கரத்தைப் பார்ப்பார்களா என்றேன். பார்க்கட்டும் என்றார்.

ஞாயிறு காலை மெஷினைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றி லெஃப்தேரி வீட்டுக்குக் கொண்டுபோனோம். கொல்லையில் கரிக் குழிமேல் நீளக் கம்பியில் கோத்த முழு ஆடு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவது லெஃப்தேரி கையால்தான். மோட்டார் வைத்தால் இறைச்சிக்கு மரியாதை இல்லை என்பான். எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் டெஸை ஒரு தடவைகூட அந்தக் கம்பியைத் தொடவிட்டதில்லை. எலுமிச்சம்பழம் பிழிய விடுவான், அதோடு சரி.

மெஷினை வராந்தா விளிம்பில் நிறுத்தினோம். மின்சார வயர் அதுவரைக்கும்தான் எட்டியது. திரை தகரக் கூரைக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது. குமிழ் இருந்த பலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றது. உட்காருகிறவருக்கு வலது தோளுக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தது.

சாப்பாடு முடிந்ததும் லெஃப்தேரியே முதலில் உட்கார்ந்தான். என் அண்ணன் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் அகலம். நாற்காலி முனகியது. முப்பத்தோராயிரத்து இருநூறு எடுத்தான். மோசமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அவன் எழுந்து, தோளைக் குலுக்கி, விட்டுப்போனால் கை மறந்துவிடும் என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு ஆட்டுப் பக்கம் போனான். பாதி ஆடு இன்னும் கம்பியில் இருந்தது, சாயங்காலம் வருகிறவர்களுக்கு.

நான் உட்கார்ந்தேன். பந்து கிளம்பியது. குமிழைத் திருகினேன். மட்டை அசையவில்லை. ஓங்கித் திருகினேன். ஒரு துடிப்புத் துடித்து அங்கேயே நின்றது. மூன்று பந்தும் மடமடவென்று போயின. ஆயிரத்து நூற்று நாற்பது.

"மெஷினுக்கே உண்மை தெரியுது பாரு, மாப்ளே," என்று குழிப் பக்கத்திலிருந்து டெஸைப் பார்த்து லெஃப்தேரி சொன்னான். கொல்லையே சிரித்தது. அண்ணி வாசோ பாவம், சிரிப்பை அடக்கப் பார்த்து வாயில் இருந்த வைனை மூக்கால் விட்டாள்.

டெஸ் ஓடிவந்து பலகைமேல் குனிந்து குமிழைத் திருகினார். மட்டை வெண்ணெய் மாதிரி ஓடியது. நல்லாத்தானே இருக்கு என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி, ஒரே ஒரு துளி சந்தேகம் இருந்தது. லெஃப்தேரி சிரித்தபோது வலிக்காதது அப்போது வலித்தது.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு ஆட்டம் போட்டேன். அதே கதை. முதல் பந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அத்தைமார்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு பலகாரம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது சிரிப்பைவிட மோசம். கடைசிப் பந்து மேலே போய் ஒரு செங்கல்லை உடைத்துவிட்டுத் திரும்பியபோது, லெஃப்தேரி ஒரு தட்டில் நல்ல மொறுமொறுத் துண்டாக இரண்டு எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றான். சமாதானம் செய்ய வந்தானோ, சீண்ட வந்தானோ. இரண்டுக்கும் அவனிடம் ஒரே முகம்தான்.

மட்டை ஓடியது.

கை தானாகத் திருகியது. பந்து பட்டது, போனது, வந்தது, மறுபடி பட்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை. லெஃப்தேரி தட்டை வைக்க இடம் தேடி நகர்ந்தான். மட்டை செத்தது. அவன் திரும்பி வந்தான். மட்டை பிழைத்தது. பந்து மயிரிழையில் தப்பியது.

டெஸ் திரையைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெஃப்தேரியின் தோள் நிழல் அந்த ஜன்னல்மேல் கருப்பாக விழுந்திருந்தது.

"மச்சான்," என்றார், ரொம்ப மெதுவாக. "அசையாதீங்க."

"என்ன, தேளா?"

"வெயிலு. நான் வச்ச ஜன்னல் வழியா உள்ள இறங்குது. அந்தக் கண்ணு வெயில்ல குருடாகுது. பட்டப்பகல்ல டார்ச் அடிச்ச மாதிரி." தலையில் அடித்துக்கொண்டார். "ஷெட்டுக்குள்ளயே வச்சு வச்சுப் பாத்தேன்ல. முட்டாப் பய நான்."

சொல்லிக்கொண்டே பீர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தார், ஜன்னல்மேல் வைத்து மறைக்க. சரியான காரியம்தான். ஒரு நொடி வேலை. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"அட்டை வேணாம். அவன் நிக்கட்டும்."

கொழுப்பு கரியில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆட்டை யாரு திருப்புறது?" என்றான் லெஃப்தேரி.

"டெஸ் திருப்புவார்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது, பந்து வந்துகொண்டிருந்தது. போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பிறகு நிழல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பலகை முழுவதும் படர்ந்தது. மெதுவா மாப்ளே, அவசரப்படாம, கடிகார முள்ளு மாதிரி என்று குழிப் பக்கம் பார்த்துச் சொன்னான். டெஸ் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்ததாக வாசோ பிறகு சொன்னாள். கோவிலில் சிலுவையைத் தூக்கக் கொடுத்த மாதிரி நின்றாராம்.

அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. செங்கல், பந்து, மட்டை. கண்ணாடி மூக்கில் வழுக்கியது, தள்ளிவிட நேரமில்லை. என் விரல்களில் வியாழக்கிழமைச் சாயம் இன்னும் சிவப்பாக இருந்தது, வெள்ளிக் குமிழ்மேல் சிவப்பு விரல். பத்தாயிரம் ஆயிற்று. இருபது. முப்பத்தோராயிரத்து இருநூறைத் தாண்டியபோது வாசோதான் முதலில் கைதட்டினாள், தன் புருஷன் எண் என்றுகூடப் பார்க்காமல். பலகாரப் பேச்சு நின்று நாற்காலிகள் இழுபட்டன. நாற்பது. ஐம்பது. ஷெட்டில் எடுத்த அறுபத்திரண்டும் பின்னால் போயிற்று. மனசுக்குள் ஒரே சந்தோஷம். குளத்தில் மல்லாந்து மிதக்கிற மாதிரி. இதற்குத்தானே அந்தச் சனிக்கிழமைகளில் கரண்டிக் காம்போடு வந்து உட்கார்ந்தேன். யாருக்கும் நிரூபிக்க அல்ல. அது எப்படி மறந்துபோனது எனக்கு?

எழுபதாயிரம் தாண்டியபோது லெஃப்தேரி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"நாக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, போப்பி."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அன்னிக்கும் இப்படித்தான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

பந்து இடது மூலைக்குப் போய்த் திரும்பியது.

"கடைக்குப் பின்வாசல்ல அந்தப் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கும்ல, ஈ வராம. அதுக்குப் பின்னாடிதான் நின்னேன். கடைசி செங்கல் வரைக்கும் பாத்தேன்."

"அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியாம? என் பேரை வேற போட்டுட்டுப் போயிட்ட. திங்கக்கிழமை அப்பா பாத்தாரு. கரண்டி விஷயமும் தெரிஞ்சு போச்சு. ஒரு மாசம் உருளைக்கிழங்கு. மூட்டை மூட்டையா."

எனக்கு நினைவு வந்தது. அந்தக் குளிர்காலம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஐஸ் தண்ணீர் வாளியில் கையை விட்டுக்கொண்டு அவன் உரித்துக்கொண்டிருந்தது. கையெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. என்ன தப்புச் செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் பஸ்ஸில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கிழங்கு நாத்தம் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினாறு வயது.

"சொல்லியிருக்கலாம்ல அப்பாகிட்ட," என்றேன்.

"சொல்லியிருக்கலாம்." நிழல் தோளைக் குலுக்கியது. "சொல்லலை. ஒரு மாசம் உரிச்சிருக்கேன்டீ. பேரையாவது நான் வச்சுக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வர. அந்தத் தண்ணீருக்குள் பந்து இரண்டாகத் தெரிந்தது. நான் தப்பான பந்துக்கு மட்டையை ஓட்டினேன்.

எழுபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது. பழைய எண்ணை எட்டவில்லை. எட்டாதது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, எனக்கும்தான். கைதட்டல் கேட்டது. யாரோ என் முதுகைத் தட்டினார்கள். குழிப் பக்கத்திலிருந்து டெஸ் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே, கம்பியை மட்டும் விடாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

திரை கருப்பாகி, மூன்று காலிக் கட்டம் வந்தது. பெயர் கேட்டது. குமிழைத் திருகினால் எழுத்து ஒவ்வொன்றாக மாறும், பொத்தானை அமுக்கினால் நிற்கும். ஓரத்தில் முப்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியது.

ஏ-யில் நின்றது. திருகினேன். எஃப் வந்தது, ஜி வந்தது. எல் வந்தபோது விரல் தானாகத் தயங்கியது, பழைய ஞாபகம். பின்னால் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. எம், என், ஓ. பி. பொத்தானை அமுக்கினேன்.

இரண்டாவது கட்டத்தில் எழுத்து நகரவில்லை. திருகினேன், துடித்தது, நின்றது. பலகையைப் பார்த்தேன். ஜன்னலின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெயில் ஏறியிருந்தது. இவ்வளவு நேரத்தில் சூரியன் ஆலைப் புகைபோக்கிப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பதினான்கு, பதின்மூன்று என்று எண் இறங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

லெஃப்தேரி ஒரு அடி வலப்பக்கம் தள்ளி நின்றான். எழுத்து நகர்ந்தது.